பூனை உடைத்த இறக்கை

'படக்'கென்று ஒரு சத்தம்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

உள்ளே மேஜை ஓரம் தம்பி பெண்டாட்டி. அவள் கையில், தம்பி பால்சா என்ற லேசான கட்டையில் செய்த குட்டி விமானம். இறக்கை நட்டநடுவில் முறிந்து, மேலே ஒட்டியிருந்த மெல்லிய காகிதத்தில் தொங்கியது.

கை தவறி உடையவில்லை. முறிந்த இடத்தில் அவளுடைய இரண்டு கட்டை விரலும் இன்னும் அழுத்தியபடியே இருந்தன. அக்கா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

"அடிப்பாவி! என்னடி பண்ற?"

"அண்ணி! நீங்க எப்ப..."

"நான் எப்ப வந்தா உனக்கென்ன? பக்கவாதம் வந்து கை விழுந்த மனுஷன், அந்தக் கையாலயே குச்சி குச்சியா ஒட்டிச் செஞ்சது. நாளைக்குப் பறக்க விடப்போறேன்னு போன்ல குதிச்சான். விமானத்தோட விசிறியை முறுக்கிவிட நல்ல ரப்பர் வேணும்னான். கடைக்காரன் தொண்டைத்தண்ணி வத்துற வரைக்கும் பேரம் பேசி வாங்கிட்டு ஓடி வர்றேன். நீ என்னடான்னா..."

"மெதுவா அண்ணி. குளிச்சிட்டிருக்கார். காதுல விழுந்துடும்."

"விழட்டும்!"

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் விமானத்தை மேஜைமேல் போட்டுவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதில் நீலிக்கண்ணீர் வேறு!

தம்பி ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான்.

"வாக்கா, எப்ப வந்தே?" என்றவன் மேஜையைப் பார்த்தான். முகம் தொங்கிவிட்டது.

"பூனைங்க," என்றாள் பெண்டாட்டி. "குறுக்க பாய்ஞ்சிடுச்சு."

ஜன்னல் விளிம்பில் தூங்கிக்கொண்டிருந்த பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வாய் கூசாமல் சொல்கிறாளே!

"திரும்பவும் பூனையா? சனியன், பறக்கப்போற நேரம் பார்த்துத்தான் பாயும்," என்று முனகிக்கொண்டே தம்பி நாற்காலியை இழுத்தான். அவள் அவனுக்குச் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டு, குனிந்த தலை நிமிராமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதற்குமேல் அக்காவால் அடக்க முடியவில்லை.

"டேய் மடையா! பூனையும் இல்ல, நாயும் இல்ல. உன் பெண்டாட்டிதான்டா..."

"உஸ்! கத்தாதக்கா. தெரியும்."

"என்னது, தெரியுமா?"

"போன தடவையும் அவதான். அதுக்கு முந்தியும் அவதான்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே? நானா இருந்தா..."

"ஊரையே கூட்டியிருப்பே. கொஞ்சம் கேளு. விரலுக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் ஒரு பந்தைக் குடுத்தார். நான் என்ன பச்சப்புள்ளையான்னு தூக்கி எறிஞ்சேன். அப்புறம் இந்த விமானத்தைச் செஞ்சேன். விரல் அசைஞ்சுது. செஞ்சு முடிச்சதும் ஆணியில மாட்டிட்டு உக்காந்துட்டேன். இவ புதுக் கட்டை வாங்கிட்டு வந்து வெச்சா. தொடவே இல்ல. விரல் பழையபடி சுருட்டிக்கிச்சு."

"அதுக்கு?"

"செல்போன் ரிப்பேர் பார்த்த ஆளுக்கா நான். புதுசா ஒண்ணு செய்யின்னா உடம்பு வளையாது. ஆனா உடைஞ்சு கிடக்கிறதைப் பார்த்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது. அது அவளுக்கு நல்லாவே தெரியும்."

பேசிக்கொண்டே வலது கையால் சின்ன இடுக்கியை எடுத்தான். கிழிந்த காகிதத்தை நுனியில் பிடித்து மெல்ல உரித்தான்.

போன தடவை அக்கா வந்தபோது, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் மூடிக் கிடந்த கை அது.

அக்கா கையில் ரப்பர் பொட்டலம் கசங்கியது.

"அப்ப இது எப்பத்தான்டா பறக்கும்?"

"என் சட்டைப் பட்டனை நானே போடுற அன்னைக்கு."

"சரி, எனக்குத் தெரியும்டீன்னு அவகிட்ட சொல்லித் தொலையேன். அழுறாடா அவ."

"சொன்னா இதுவும் வைத்தியம்னு ஆயிடும்கா. டாக்டர் குடுத்த பந்து மாதிரி தூக்கி எறிஞ்சிடுவேன். என் ரோஷம் உனக்குத் தெரியாதா?"

முறிந்த இரண்டு பாதியையும் சேர்த்துவைத்து, பசை ஒரே ஒரு சொட்டு விட்டான்.

"என்னடா கஞ்சத்தனம்? நல்லா வை. தாங்க வேண்டாமா?"

அவன் சமையலறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"இந்த இடத்துல மட்டும் எப்பவும் கம்மியாத்தான் வைப்பேன். பாவம், பூனைக்குக் கை வலிக்கும்ல!"