தயவுசெய்து லைனில் இருங்கள்

"மறுபடியும் அந்தம்மாவா? இன்னும் ஹோல்டுலயா வெச்சிருக்கே?"

மேனேஜர் தலைக்கு மேல் வந்து நின்றார். ஆபரேட்டரின் மேஜையில் கடைசி லைனின் விளக்கு சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது.

"எடுத்துப் பேசிட்டேன் சார். அவங்கதான் ஹோல்டுல போடச் சொன்னாங்க."

"எந்த லூசும்மா தன்னை ஹோல்டுல போடச் சொல்லும்? தினமும் இந்த லைட்டைப் பார்க்கறேன். கஸ்டமரைக் காய வெச்சுட்டு நீ உன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கே."

"என் பாட்டுக்கு இல்ல சார். அவங்க பாட்டுக்கு."

பக்கத்து மேஜைகளில் கிளம்பிய சிரிப்பு, மேனேஜர் திரும்பியதும் இருமலாக மாறியது.

அது வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு. அங்கே சந்தோஷமாகப் போன் பண்ணுகிறவர் யாருமில்லை. ஈரத்துணியோடு மெஷின் நின்றுபோன பிறகுதான் பண்ணுவார்கள். காத்திருக்கிற நேரத்தில் அவர்கள் காதில் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடும். எந்தப் புண்ணியவான் எப்போது போட்டு வைத்தாரோ! கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாடகி. பின்னால் ஒரு வயலின், ஒரு தபலா. மற்றதெல்லாம் அந்தக் குரல்தான்.

புதிதாக வந்த மேனேஜருக்கு அது ஆகவில்லை.

"அழுமூஞ்சிப் பாட்டு. கம்பெனிக்குன்னு ஒரு கெத்து வேண்டாமா?" என்று ஒரு விளம்பரப் பாட்டைத் தயார் செய்துவிட்டார். டெக்னீஷியன் கம்ப்யூட்டர் முன்னால் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு தட்டு தட்டினால் பழையது அழிந்து, புதியது ஏறிவிடும்.

"காலையில சும்மா கொஞ்ச நேரம் புதுசைப் போட்டுப் பார்த்தோமே சார்," என்றாள் ஆபரேட்டர். "ரெண்டு பேர் என்னைத் திட்டினாங்க. ஒருத்தர் உங்களைத் திட்டினார்."

"என்னையா? அவருக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது சார். 'அந்தப் பாட்டைத் தூக்கினவன் எவன்'னு பொதுவாத்தான் கேட்டார்."

அதற்குள் இன்னொரு கால். காதில் வைக்காமலே கேட்டது குரல்.

"ஏம்மா! டிரம் சுத்தல, தண்ணி போகல, உங்க ஆளும் வரல! என்ன கம்பெனி நடத்தறீங்க?"

"கொஞ்சம் லைன்ல இருங்க சார், மெக்கானிக்கைக் கேட்டுச் சொல்றேன்."

கேட்டுவிட்டு மறுபடி எடுத்தாள். "சார், அவர் இன்னைக்கே..."

"ஷ்ஷ்! மறுபடி பாட்டைப் போடும்மா. பாடறவ மேல போயிட்டிருந்தா. எப்படிப் போனா பாரு, படியேறற மாதிரியே தெரியல! இப்ப இருக்கறதுங்க அந்த உயரத்துக்குப் போனா பக்கத்து வீட்டுக்காரன் பயந்து ஓடி வருவான். அவ இறங்கி வரட்டும். அப்புறம் திட்டறேன்."

மேனேஜரின் காது சிவந்தது.

"பாட்டு கேட்டு ஜனங்க புகாரையே மறந்தா, அதுக்குப் பேர் சர்வீஸ் இல்லம்மா. மயக்க ஊசி. அந்தக் கடைசி லைன் அம்மா தலைமை ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், முதல்ல உன் வேலை போகும். கொடு, நானே மன்னிப்பு கேட்கறேன்."

"வேண்டாம் சார். அவங்க பாவம், வெளியில தெரியக் கூடாதுன்னு..."

"எல்லாரும் கேளுங்க, கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசணும்னு." டெக்னீஷியனிடம் திரும்பினார். "நான் கையைத் தூக்கினதும் மாத்திடுங்க."

ஸ்பீக்கரைத் தட்டினார். பாட்டு நின்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ரகசியம் போல ஒரு பெண் குரல்.

"அக்கா, ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் கொஞ்சம் போடுங்களேன். குழந்தை எப்பவோ தூங்கிட்டான். அவனுக்கு இல்லக்கா, எனக்குத்தான்."

மேனேஜர் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனார்.

"சிரிக்காதீங்க. அவன் அழுதாக்கூடப் பயமில்ல, தூங்கினாத்தான் பயம். மூச்சு வருதான்னு மூக்குகிட்ட விரலை வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். வீட்டுல வேற யாரும் இல்ல. அன்னைக்கு மெஷின் ரிப்பேர்னு கூப்பிட்டப்பதான் இந்தக் குரலைக் கேட்டேன். எங்க ஸ்கூல்ல சினிமாப் பாட்டு முணுமுணுத்தாலே சிஸ்டர் முட்டி போட வைப்பாங்க. இது என்ன பாட்டு, யார் பாடினது, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா வரி முடியற இடத்துல இந்தம்மா மூச்சு இழுக்கறது கேட்குதுக்கா. அவசரமே இல்லாம, 'இரு, அடுத்தது வருது'ங்கற மாதிரி. கேட்கக் கேட்க என் மூச்சும் அப்படியே நிதானமாயிடுது. அந்த நேரம் மட்டும்தான் விரலை எடுக்கறேன்."

டெக்னீஷியன் மேனேஜரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லலாமேன்னு நேத்து கேட்டீங்க. சொல்லிப் பார்த்தேன். 'எல்லாரும்தான் பிள்ளை வளர்க்கறாங்க'ன்னுட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போயிட்டார். விடுங்க. நீங்க பாட்டைப் போடுங்கக்கா."

மேனேஜர் நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கினார்.

டெக்னீஷியனின் விரல் இறங்கியது.

"தொடாதீங்க!"

மேனேஜர் போட்ட கூச்சலில் மேஜை மேல் இருந்த டம்ளரே அதிர்ந்தது. "அதை அழிங்க. புதுசை அழிங்க! இந்தப் பாட்டுல யாரும் கை வைக்கக் கூடாது, நானே வந்து சொன்னாலும்!"

யாரோ ஒருத்தி கைதட்ட, அறை முழுக்கக் கைதட்டல் பிடித்துக்கொண்டது. ஆபரேட்டர் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அக்கா? என்ன சத்தம்? யாரு பக்கத்துல?" பயந்துபோய்க் கேட்டது போன்.

மேனேஜர் மைக்கின் பக்கம் குனிந்தார். அந்த அறையில் அதுவரை யாரும் கேட்டிராத குரலில் சொன்னார்:

"நான்தாம்மா. விரலை எடுத்துட்டுப் பாட்டைக் கேளு, இதோ வீட்டுக்கு வந்துட்டே இருக்கேன்."