பன்னீரின் சுமை

ஸ்பானிஷ் பேசும் வீடுகளில் கேட்டுப் பழகிய கருவி அந்தச் சுமைமானி. ஒரு வாரம் வீட்டில் மாட்டி வைத்தால், படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்பவர் படும் பாட்டைக் காதால் கேட்டே அளந்துவிடும். வீட்டில் யாருக்குச் சுமை அதிகமோ அவருக்கு அரசு செலவில் ஏற்காட்டில் பத்து நாள் ஓய்வு. மற்றவர் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாதத்தில் விழுந்த மாமனாரைத் தூக்கித் தூக்கி வேதவல்லிக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. ஆனால் ஓய்வு அவள் கணவன் பன்னீருக்குக் கிடைத்தது.

"அவரு மாமாவைத் தொட்டதே இல்லீங்களே!" என்றாள், கருவியைக் கழற்ற வந்த பெண்ணிடம்.

"வாரம் பூரா ஐயோ ஐயோன்னு கத்தியிருக்காருங்கக்கா. இது பழகுன ஸ்பானிஷ் ஊர்ல கஷ்டம்னா அப்படித்தான் கத்துவாங்களாம்."

"அது விக்கெட் விழுந்ததுக்குங்க!"

"நீங்க முருகா முருகான்னே இருந்திருக்கீங்க. சாமி கும்பிட்டா மனசு லேசாகும்னு கழிச்சிருச்சு. இப்பவும் ஓடிட்டுத்தான் இருக்குது, ஒருக்கா ஐயோன்னு கத்துங்க."

"படுக்கையில ஆள் கெடக்கற வூட்டுல அந்த வார்த்தையைச் சொல்லலாமுங்களா?"

"வல்லி, என்ற குல்லா எங்கே? மலையில குளிருமாம்" என்று பன்னீர் கூவினான்.

உள்ளே மாமனார் முனகினார். வேதவல்லி போய் அவர் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள். இடுப்பு சுளீரென்றது. கத்திவிடத்தான் வாயைத் திறந்தாள். கிழவர் கலங்கிய கண்ணோடு அவளையே பார்த்தார்.

"அப்பனே முருகா!"

"சுமை மேலும் குறைந்துள்ளது" என்றது சுமைமானி, கனிவாக. "வாழ்த்துகள்."