சுவரில் இருப்பவள்

விளக்கு அணைந்துவிட்டது.

கண்ணாடிக் கதவில் இப்போது அவர்கள் இருவர் மட்டும் தெரிந்தார்கள். முன்னால் அவன். பின்னால், அவன் தோளுக்கு மேல் பாதி முகமாக அவள்.

அவன் பொத்தானை அழுத்தினான். கதவுக்கு அந்தப் பக்கம் கல்லறை மறுபடி வெளிச்சமானது.

எட்ரஸ்கன் கல்லறை. ரோம் பெரிய ஊராவதற்கு முன்பே இந்தப் பக்கம் வாழ்ந்த ஜனங்கள். அவர்கள் பேச்சு போய்விட்டது, ஊர் போய்விட்டது. சுவரில் வரைந்த விருந்து மட்டும் இன்னும் முடியவில்லை.

ஒரே கட்டிலில் கணவனும் மனைவியும் சாய்ந்திருந்தார்கள். மனைவி கையிலும் கிண்ணம்.

"புருஷன் பக்கத்துல சாஞ்சுக்கிட்டுக் குடிக்கிறா பாரு. வெளங்கிடும்," என்றான் அவன்.

நல்ல மனுஷன் என்றுதான் ஊரில் அவனைச் சொல்வார்கள். அடிக்க மாட்டான். இத்தாலியில் இறங்கிய அன்றைக்கே அவள் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். நீ தொலைச்சிடுவ, என்றான். குளிக்கப் போனாலும் பை கூடவே போகும்.

ரொட்டிக்கடையில் அவளை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக் காலை பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். பஸ்ஸில் கேட்டுவிடலாம் என்றிருந்தாள். வாய் வரவில்லை. டிக்கெட் வரிசையிலும் வரவில்லை. பயமாக இருந்தது. தன்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

விளக்கு அணைந்தது. அவன் படியேறிப் போய்விட்டான்.

காவல்காரப் பெண் ஈரத்துணியோடு இறங்கி வந்தாள். கண்ணாடியில் இருந்த கைரேகைகளைத் துடைத்தபடி, கேட்பவளுக்குப் புரிய வேண்டுமே என்று இத்தாலிய மொழியை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அந்தக் கட்டிலுக்கு மேலே எழுத்து இருக்கிறதாம். புருஷன் பெயர் உதிர்ந்துவிட்டதாம். மனைவி பெயர் அப்படியே நிற்கிறதாம்.

தானா.

"தானாவா?"

"தானா," என்று பெயரை இன்னொரு முறை சொல்லி அந்தப் பெண் தலையாட்டினாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று இந்தப் பெண்ணுக்கு எந்த மொழியில் சொல்வது?

மேலே வெயிலில் அவன் நின்றிருந்தான். அவள் கையை நீட்டினாள்.

"பாஸ்போர்ட்டக் குடுங்க. நாளைலேர்ந்து வேலைக்குப் போறேன்."

அவன் கை தன்னையறியாமல் பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டது. அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று படிகளை எட்டிப் பார்த்தான்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"தானா," என்றாள்.