ரெட்டை அம்மா

"இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க? மறைக்காம சொல்லணும்."

எடை பார்க்கும் மெஷினிலிருந்து இறங்கியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க சொன்னதுதான் மேடம். ஒரு முட்டை, ஒரு துண்டு ரொட்டி."

"அப்புறம்?"

"அப்புறம்... இன்னும் நாலு துண்டு. வெண்ணெய் தடவி."

பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மேடம் இந்த ஜிம்மைத் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மேல்மாடியிலிருந்து இவள் இறங்கி வருவாள். ஒரு தோளில் ஒன்று, இன்னொரு தோளில் ஒன்று என்று கைக்குழந்தைகளோடு இவள் படியேறுவதைப் பார்த்துப் பார்த்து, ஜிம்முக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இவள் 'ரெட்டை அம்மா' ஆகிவிட்டாள்.

"ரெண்டையும் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்காம மாடி ஏறணும் மேடம். அது போதும் எனக்கு" என்று சொல்லித்தான் சேர்ந்தாள். பயிற்சியில் குறையே சொல்ல முடியாது. வாய்தான் அடங்கவில்லை.

"பசிக்குது மேடம். பால் குடிச்சு ஒண்ணு விட்டா இன்னொண்ணு பிடிச்சுக்குது. கை நடுங்குற அளவுக்குப் பசி."

"நாங்களும் பிள்ளை பெத்தவங்கதான்" என்றாள் ஜிம் மேடம். "பிள்ளைங்க பேரைச் சொல்லி நாம சாப்பிட்டுக்கிட்டே இருந்தா எடை எங்கேருந்து குறையும்?"

ரெட்டை அம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போனாள்.

ஒருநாள் அவள் கணவருக்கு அவசர வேலை. குழந்தைகளையும் ஜிம்முக்கே தூக்கி வந்துவிட்டாள். பாதிப் பயிற்சியில் இரண்டும் ஒரே நேரத்தில் வீறிட்டன. உடை மாற்றும் அறைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்துக்கு ஒன்றாக அணைத்துக்கொண்டாள். ஏதோ சொல்லப் போன ஜிம் மேடம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கொழுகொழுவென்று பையன். அவனில் பாதிகூட இல்லாத பெண். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, உலகத்திலேயே வேறு வேலை இல்லாதவர்கள் மாதிரி மடக் மடக்கென்று குடித்தார்கள். அவள் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கழுத்தில் இறங்கியது. சற்றுமுன் எடை தூக்கியபோதுகூட அவளுக்கு இப்படி வேர்க்கவில்லை. தினமும் மனித உடம்புகளோடு மல்லுக்கட்டுகிற ஜிம் மேடத்துக்கு, சும்மா உட்கார்ந்தபடி ஒரு உடம்பு இத்தனை பாடுபடுவதைப் பார்த்த ஞாபகமே இல்லை.

ஆனாலும் வேலை வேலைதானே.

"ஒரு யோசனை சொல்றேன். ஒரு பிள்ளையைப் புட்டிப் பாலுக்கு மாத்திடுங்க. பாதிப் பசி போயிடும்."

"எதை மேடம்?"

"எதையாவது. ரெண்டும் உங்க பிள்ளைதானே."

அவள் இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரமாக ஆளையே காணவில்லை. மனசு கேட்காமல் ஜிம் மேடமே மாடியேறிப் போனாள்.

கதவைத் திறந்த கணவரின் கையில் பையன் இருந்தான். புட்டியை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா இருக்கும் பக்கம் கையை நீட்டி நீட்டி அழுது, குரலே கம்மிப்போயிருந்தது. ஜன்னலோரம் அவள் பெண்ணுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டு நிறையச் சாப்பாடு தொடப்படாமல் ஆறிக் கிடந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேன் மேடம். பசி கொஞ்சம் அடங்கியிருக்கு."

"பையனையா மாத்தினீங்க? பாருங்க, தொண்டை கட்டிப்போச்சு அவனுக்கு. அவளைப் பழக்கியிருக்கலாமே."

"அவளுக்கு இன்னும் உடம்பு தேறல. இவன் சமாளிச்சுக்குவான்."

பையன் இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

பெற்ற தாய்க்கே இப்படி ஓரவஞ்சனையா என்று முணுமுணுத்தபடி ஜிம் மேடம் படியிறங்கினாள். கீழ்மாடியில் பஸ் டிரைவர் உடுப்போடு ஒருவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"மேலேருந்தா வர்றீங்க? பாப்பா முழிச்சிருக்காளா?"

"முழிச்சிருக்கா. நீங்க?"

"அவளோட அப்பாங்க."

ஜிம் மேடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என் வீட்டுக்காரிக்கும் மேல்வீட்டு அக்காவுக்கும் ஆஸ்பத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒரே நாள்ல பிரசவம். என் வீட்டுக்காரி பிழைக்கல. பாப்பா பாலுக்கு அழுதுச்சு. யாரு என்னன்னுகூடக் கேக்கல, அக்கா கையை நீட்டி வாங்கிட்டாங்க. அன்னிலேருந்து அவங்க மடியிலதான் வளருது. பொண்ணு பக்கத்துல இருக்கணும்னு நானும் இங்கேயே வீடு பிடிச்சு வந்துட்டேன்."

டிரைவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"போன வாரம் யாரோ சொன்னாங்களாம், ஒண்ணைப் புட்டிக்கு மாத்துன்னு. என் பொண்ணை மாத்திடுங்கக்கான்னு நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். அவங்க கேக்கல."

மேலேயிருந்து அந்தக் கம்மிப்போன அழுகை படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. டிரைவர் அண்ணாந்து பார்த்தார்.

"அதோ அழுகுறானே, அவன்தாங்க அவங்க பெத்த பிள்ளை."