யார் நடந்தாலும் ஆடும் வண்டி

பாசிலியோவின் ஐம்பது வயது மோட்டார்ஹோமில் பட்டை ஸ்பிரிங் அத்தனையும் தளர்ந்துபோயிருந்தன. உள்ளே யார் எங்கே கால் வைத்தாலும் அந்தப் பக்கம் அமுங்கும். அன்று மதியம் கோர்தபா மலைச்சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு, அதன் அடியில் பின்சக்கரத்துக்கு முன்னால் மல்லாக்கப் படுத்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

"குண்டூஸ், உள்ள நடக்காதடி! மூஞ்சியெல்லாம் துரு கொட்டுது."

"நான் எங்கடா நடந்தேன், ஒல்லிக்குச்சி?" என்றாள் அவன் மனைவி ஒலிண்டா. அவள் வெளியே மர நிழலில் மாத்தே டீ உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"பொய் சொல்லாத. இப்பதான கட்டில்லேர்ந்து இறங்கின. அடுப்புகிட்ட நின்ன. இப்ப என்ன, டிரைவர் சீட்டுக்கா போற?"

ஒலிண்டா நிமிர்ந்து பார்த்தாள். வண்டியின் முன்பக்கம் மெல்ல அமுங்கி நின்றது. கண்ணாடி வழியே தெரிந்த டிரைவர் சீட் காலியாக இருந்தது.

மாத்தேயைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் கணுக்கால்களைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி, கூசுது!" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

உள்ளே ஹேண்ட்பிரேக் விடுபடும் சத்தம் கேட்டது. வண்டி உருண்டது. அவன் மார்பு இருந்த இடத்தில் பின்சக்கரம் ஏறியது.

பிறகு உள்ளே யாரோ ஹேண்ட்பிரேக்கை மறுபடி இழுத்தார்கள், நிதானமாக, கடக் கடக்கென்று ஒவ்வொரு பல்லாக.