வாசல் வெளிச்சத்தில் ஒரு பலகை

கங்கைகொண்ட சோழபுரத்து முந்திரிப் பட்டறையில் கொட்டை உடைக்கிற சத்தம் தாங்காமல் கோயில் நந்தி ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தது. நம்பாதவர்கள் நந்தியையே கேட்டுக்கொள்ளலாம். இப்போது சத்தமில்லை, பெண்கள் மத்தியானச் சோற்றுக்குப் போயிருக்கிறார்கள். சூப்பர்வைசர் வெற்றிச்செல்வி தினம் ஒருத்தியை உட்காரவைத்துத் தனியே பேசுகிறாள். இன்றைக்குக் காத்தாயி. ஒரு வாரமாக அவள் எடுக்கும் பருப்பெல்லாம் இரண்டாகப் பிளக்கிறது. இன்றும் பிளந்தால் முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்திவிடுவார். "ஏன்க்கா உடையுது?" "கொட்டை சரியில்ல." காத்தாயி தரையைப் பார்க்கிறாள். வெற்றிச்செல்வி நோட்டை மூடிவிட்டு, எதிரே குந்தி, ஓட்டு எண்ணெய் பொசுக்காமலிருக்கக் கையில் சாம்பல் பூசிக்கொண்டு தானும் ஒரு கொட்டையைத் தட்டுகிறாள். பருப்பு நாலாகச் சிதறுகிறது. "நீயெல்லாம் எனக்குச் சூப்பர்வைசரு!" காத்தாயி சிரிக்கிறாள். இருவரும் தட்டுகிறார்கள். கூரை ஓட்டை வழியே விழுந்த வெயில் வட்டம் ஒரு முழம் நகர்கிறது. காத்தாயி ஒவ்வொரு கொட்டையையும் விரலால் தடவித் தடவித்தான் பலகையில் வைக்கிறாள். "கண்ணு மங்கிடுச்சு புள்ள," என்கிறாள், கையிலிருக்கும் கொட்டையிடம். "சொன்னா நிப்பாட்டிடுவீங்க." வெற்றிச்செல்வி அவள் பலகையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போடுகிறாள். காத்தாயி தட்டுகிறாள், டொக். முழுப் பருப்பு. இந்தச் சத்தத்துக்கும் நந்தி திரும்பியிருக்கும், கதை சொல்கிற நான் பருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.