அண்ணனின் குப்பி

பள்ளி வாசலில் உள்ள பெட்டி, திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையின் காலைச் சிறுநீரையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் கதவைத் திறக்கும். சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தால் சிவப்பு விளக்கு எரியும். அந்தப் பிள்ளைக்குத் தனி வகுப்பு, தனிச் சாப்பாடு. ஆயுசுக்கும் எல்லா விண்ணப்பத்திலும் அந்தக் குறி இருக்கும்.

மூத்தவன் இனியவனுக்கு அந்த நோய் இருப்பதை, மருந்துக்கடையில் வாங்கிய சோதனை ஸ்டிரிப்பை அவன் சிறுநீரில் நனைத்துப் பார்த்துப் பவளக்கொடி முன்பே தெரிந்துகொண்டாள். அதிலிருந்து ஏழு மாதமாக, அவன் பெயர் ஒட்டிய குப்பியில் மூன்று வயது மகள் நறுமுகையின் சிறுநீரைத்தான் பிடித்துக் கொடுத்தனுப்பினாள். வாராவாரம் பச்சை எரிந்தது.

இந்தத் திங்கள் சிவப்பு.

"பயப்படாதீங்கம்மா, ஆரம்பத்துலயே தெரிஞ்சிடுச்சு," என்றார் பள்ளி நர்ஸ். "பையனுக்கு இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிடலாம். ஆறு மாசம் விட்டிருந்தா மருந்தே கேக்காது. கூடப் பொறந்ததுக்கும் வரலாம். வீட்ல சின்னது இருக்குல்ல, அதுக்கும் நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

"சரிங்க," என்று பவளக்கொடி புதுக் குப்பியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை எழுந்ததும் நறுமுகை வழக்கம்போலத் தானாகவே குளியலறைக்குப் போய்க் குந்தினாள். குப்பியோடு வந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணனுக்காம்மா?"

"இல்லடி கண்ணு," என்றாள் பவளக்கொடி. "இன்னைக்கு உனக்கு."